ஒரு மணி நேர இரைச்சல்... இந்த இசைத்தட்டைத் தேடி அலைவது ஏன்?

நான்காவது பக்கமும் முடிந்துவிட்டது. ஆனால், ஊசி நகர மாட்டேன் என்கிறது. ஒரே கிறீச்சொலி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. ‘கீறல் விழுந்த ரெக்கார்டை நம்ம தலையில கட்டிட்டாங்களோ?’ என்றுதான் முதலில் தோன்றும்.

கீறல் எல்லாம் இல்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். எழுந்து போய்க் கையால் ஊசியைத் தூக்கும்வரை அந்தச் சத்தம் நிற்காது.

இதுதான் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’. அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1975-ல் வெளியிட்ட இரட்டை எல்பி ஆல்பம். இதில் பாட்டு இல்லை, தாளம் இல்லை, மெட்டும் இல்லை. கிட்டத்தட்ட 64 நிமிடங்களுக்கு கிடார் அலறல் மட்டும்தான். ‘யாராலும் முழுசா கேட்க முடியாது’ என்று பெயர் எடுத்த இந்த ஆல்பத்தின் ஒரு பிரதியோடு திருப்தி அடையாமல், அதன் வெவ்வேறு பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது இதில்?

யார் இந்த லூ ரீட்?

1960-களில் ‘தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’ இசைக்குழுவின் முக்கியப் பாடகர், பாடலாசிரியர். தனியாக வந்தபிறகு, 1972-ல் டேவிட் போவி இணைந்து தயாரித்த ‘டிரான்ஸ்ஃபார்மர்’ ஆல்பம் அவரை நட்சத்திரமாக்கியது. 1974-ல் வந்த ‘சாலி கான்ட் டான்ஸ்’ அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதல் 10 இடங்களுக்குள் நுழைந்தது.

அடுத்த ஆண்டு கடைக்கு வந்தது இந்த ஆல்பம். அட்டையில் கறுப்புக் கண்ணாடியோடு மேடையில் நிற்கும் லூ ரீட். ராக் பாட்டு கேட்கலாம் என்று வாங்கிப் போனவர்களுக்குப் பேரதிர்ச்சி. பலர் திருப்பிக் கொடுக்க, ஆர்சிஏ நிறுவனம் சில வாரங்களிலேயே ஆல்பத்தைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது.

ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்க நிறுவனத்தை வெறுப்பேற்றினார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ரசிகர்களைக் கிண்டல் செய்தார் என்றும் சொன்னார்கள். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் கிழித்துத் தொங்கவிட்டது. மறுபக்கம், ‘க்ரீம்’ இதழில் எழுதிய விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ், உலகத்திலேயே மிகச் சிறந்த ஆல்பம் இதுதான் என்று பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் கொண்டாடினார். இது முழுக்க முழுக்க சீரியஸான படைப்பு என்பதில் லூ ரீட் பிற்காலத்தில் உறுதியாக இருந்தார்.

சத்தம் வந்தது எப்படி?

ஸ்பீக்கர் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோனால் ‘கீய்ய்ய்’ என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் ஃபீட்பேக். லூ ரீட் மைக்குக்குப் பதில் கிடாரைப் பயன்படுத்தினார். வெவ்வேறு சுருதியில் வைத்த எலெக்ட்ரிக் கிடார்களை ஆம்ப்ளிஃபையர்களுக்கு முன்னால் சாய்த்து வைத்தார். ஸ்பீக்கர் சத்தத்தில் தந்திகள் அதிர, அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போக, கிடார்கள் தாங்களாகவே ‘பாட’ ஆரம்பித்தன. அதை டேப்பில் பதிந்து, வேகத்தை மாற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

இந்த யோசனையின் வேரில் நமக்குத் தெரிந்த ஒரு வாத்தியமும் இருக்கிறது. ஒரே சுரத்தை நீண்ட நேரம் நீடித்து, அதற்குள் எழும் நுண்ணொலிகளைக் கேட்க வைப்பவர் அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்ட் யங். ஆல்பத்தின் அட்டைக் குறிப்பில் லூ ரீட் அவரைக் குறிப்பிடுகிறார். அந்த யங், 1970-லிருந்து இந்துஸ்தானி பாடகர் பண்டிட் பிராண் நாத்திடம் பயின்றவர். தம்புரா ஒலியில் ஊறியவர். கச்சேரி தொடங்கும்முன் தம்புரா மட்டும் ஒலிக்கும்போது காதைத் தீட்டிக் கேட்டவர்களுக்கு இந்த வழி புரியும். ஒரே வித்தியாசம், தம்புரா அமைதிப்படுத்தும். இது அடித்துத் துவைக்கும்.

ஒரே சத்தம்தானே, எதற்கு இத்தனை பதிப்பு?

பாட்டுள்ள ஆல்பம் என்றால் பழைய கேசட்டில் கேட்டாலும் மெட்டு மனதில் நிற்கும். இங்கே மெட்டே கிடையாது. ஒலி எப்படி வருகிறதோ அதுதான் படைப்பு. அதனால் எதில், எந்த வழியாகக் கேட்கிறோம் என்பது மற்ற ஆல்பங்களைவிட இதில் பெரிய விஷயம். சேகரிப்பாளர்கள் தேடுவது முக்கியமாக மூன்று:

1975 ஸ்டீரியோ பதிப்பு: எண் சிபிஎல்2-1101. மாஸ்டரிங் செய்தவர் பாப் லட்விக். நான்கு பக்கங்களுக்கும் நீளம் 16 நிமிடம் 1 வினாடி என்றே அச்சிட்டிருப்பார்கள். நான்காம் பக்கத்தில் மட்டும் கூடவே ‘முடிவிலி’ குறியும் இருக்கும். காரணம், கடைசித் தடம் உள்ளே சுருண்டு போகாமல் ஒரு மூடிய வட்டமாக முடிகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. அந்த 1.8 வினாடிச் சத்தம்தான் முடிவில்லாமல் சுழல்கிறது. சிடியோ ஸ்ட்ரீமிங்கோ எங்காவது நின்றுதான் ஆகவேண்டும். இந்த வித்தை வினைலில் மட்டுமே முழுமையாகச் சாத்தியம்.

1975 குவாட்ரோஃபோனிக் பதிப்பு: எண்ணில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு, சிபிடி2-1101. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு ஸ்பீக்கர்களுக்கான தட்டு இது. கேட்பவரைச் சுற்றிவளைத்து இரைச்சல் வரும்.

2011 மறுவெளியீடு: லூ ரீட்டே முன்நின்று கொண்டுவந்தது. வினைலோடு டிவிடி, ப்ளூ-ரே வடிவங்களும் வந்தன. பழைய கருவிகளைத் தேடி அலையாமல் நான்கு சேனல் ஒலியைக் கேட்க வழி பிறந்தது. 2013 அக்டோபரில் லூ ரீட் காலமானார்.

வாங்கும்போது எங்கே சறுக்கும்?

பழைய ரெக்கார்டு வாங்குபவர்கள், பாட்டின் மெதுவான இடத்தில் ‘கிர்ர்’ சத்தம் வருகிறதா என்று கேட்டுத் தரம் பார்ப்பார்கள். இந்த ஆல்பத்தில் அமைதியான இடமே இல்லை. தட்டின் தேய்மானம் எது, லூ ரீட்டின் கிடார் எது என்று பிரிப்பது பெரும்பாடு. ஆகவே, கண்தான் கைகொடுக்கும். நல்ல வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துக் கீறல்களைப் பாருங்கள். இசை தொடங்கும்முன் வரும் ஓரத் தடத்தில் ஊசியை வைத்துக் கேளுங்கள். லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தில் பொறித்த எண்களை மற்ற பிரதிகளோடு ஒப்பிடுங்கள்.

அட்டையின் முனை வெட்டியோ, ஓட்டை போட்டோ இருந்தால் பயப்பட வேண்டாம். விற்காத ரெக்கார்டுகளைத் தள்ளுபடியில் தள்ளிவிட அமெரிக்காவில் செய்த அடையாளம் அது. உள்ளே தட்டு புதுசாகவே இருக்கலாம்.

குவாட் பதிப்பில் கூடுதல் கவனம் தேவை. ஆர்சிஏ பயன்படுத்தியது சிடி-4 என்ற முறை. பின்பக்க ஒலிக்கான தகவல், காதுக்கே எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஏற்றி அதே தடத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்கத் தனி வகை ஊசியும், பிரித்தெடுக்கும் கருவியும் வேண்டும். முன்பு வைத்திருந்தவர் சாதாரண ஊசியில் பலமுறை ஓட்டியிருந்தால் அந்த நுண்தடம் தேய்ந்துவிடும். அப்போது உப்புத்தாளால் தேய்ப்பது போன்ற கரகரப்பு வரும். மற்ற ஆல்பம் என்றால் உடனே கண்டுபிடிக்கலாம். இதில்? ‘இதுவும் அவர் வச்சதுதான் போல’ என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்போம்!

கடைசியில், இது இசையா?

2002-ல் பெர்லினில் இதற்கு ஒரு பரீட்சை நடந்தது. ‘ஸைட்கிராட்சர்’ என்ற இசைக்குழுவுக்காக, சாக்ஸபோன் கலைஞர் உல்ரிக் கிரீகர் இந்த இரைச்சலைக் காதால் கேட்டுக் கேட்டு இசைக்குறிப்பாக எழுதினார். வயலின், செல்லோ, அக்கார்டியன் போன்ற வாத்தியங்களில் மனிதர்கள் அதை வாசித்தார்கள். லூ ரீட்டும் கிடாரோடு மேடையேறினார். குப்பை என்று திருப்பிக் கொடுக்கப்பட்ட சத்தத்துக்குள் எழுதி எடுக்கும் அளவுக்குச் சுரங்களும் அடுக்குகளும் இருந்தது, 27 ஆண்டுகள் கழித்து மேடையில் தெரிந்தது.

ஆர்வம் வந்தால் உடனே பணத்தை இறக்க வேண்டாம். முதலில் ஸ்ட்ரீமிங்கில் ஒரு பக்கத்தை, அதாவது 16 நிமிடம், கேளுங்கள். ஒலியைக் குறைத்து வையுங்கள். ஹெட்போனில் முழு வால்யூம் வேண்டவே வேண்டாம், காது முக்கியம். முதல் ஐந்து நிமிடம் எரிச்சலாக இருக்கும். பிறகு பின்னணியில் சின்னச் சின்ன மெட்டுகள் ஓடுவது போலத் தோன்ற ஆரம்பித்தால், உங்களுக்கு இந்த ஆல்பம் ஒத்துவரும். அப்போது 2011 பதிப்பு, பிறகு 1975 ஸ்டீரியோ என்று போகலாம். குவாட் பதிப்பு, அதை ஓட்டக் கருவி இருப்பவர்களுக்கு மட்டும்.

ஒன்றுமே தோன்றவில்லையா? அதிலும் தப்பில்லை. ஆனால், ‘அபூர்வம்’ என்பதற்காக மட்டும் வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் அடுக்குவதில் அர்த்தமில்லை. இந்தத் தட்டு முடிவதே, கேட்பவர் எழுந்து வந்து ஊசியைத் தூக்கும்போதுதான்.