இமயத்திற்கு அப்பால் ஒரு விடுமுறை

கோடை விடுமுறை நெருங்கும்போது வடநாட்டில் வாழும் நம்மவர் இல்லங்களில் நடைபெறும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றேதான். ஊருக்குச் செல்ல எந்த வண்டியில் இடம் கிடைக்கும்? மைத்துனர் வீட்டுத் திருமணம் முடிந்து குலதெய்வம் கோயிலுக்கும் போய்வர விடுப்பு போதுமா? இவ்வாறு ஆண்டுதோறும் நமது விடுப்பு முழுவதும் தெற்கு நோக்கியே செலவாகிறது. அதைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும் பத்து, இருபது ஆண்டுகள் டில்லியிலும் சண்டீகரிலும் உத்தியோகம் பார்த்துவிட்டு, வடக்கே கைக்கெட்டும் தொலைவிலுள்ள ஓர் அதிசய உலகை ஒருமுறையேனும் காணாமல் ஊர் திரும்புவது பெரும் நஷ்டமல்லவா? டில்லியிலிருந்து சென்னை செல்ல ரயில் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாம் கூறப்போகும் இடமோ, நேர்கோட்டில் அளந்தால் அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு.

நாம் குறிப்பிடுவது லடாக். 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 31 முதல் தனி யூனியன் பிரதேசமாக விளங்கும் இந்நிலப்பகுதி, நமது பாரதத்தின் வட எல்லையில் அமைந்தது. மழை மேகங்களை இமயம் தடுத்து நிறுத்திவிடுவதால் இங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். மரமற்ற மலைகள், கண் கூசும் வெயில், ஆற்றோரத்தில் மட்டும் பசுமை. குளிர்ந்த பாலைவனம் என்று இதனை அழைப்பது முற்றிலும் பொருத்தமே. ஆனால் உயிரற்ற பாலை என்று எவரும் எண்ணிவிடலாகாது. பனிச்சிறுத்தையும் ஓநாயும், பாறை மேல் தாவும் நீல ஆடும் ஐபெக்ஸ் என்னும் காட்டாடும், கியாங் என்னும் காட்டுக் கழுதையும், வளைவிட்டு வாழும் மர்மோட் என்னும் கொழுத்த மலை அணிலும், கருங்கழுத்துக் கொக்கும் வாழும் நாடு இது. 2024-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டிலுள்ள பனிச்சிறுத்தைகள் 718. அவற்றுள் 477 லடாக்கில் மட்டுமே உள்ளன.

இனி, இத்தகைய நாட்டுக்குப் போய்வரத் திட்டம் வகுப்பது எவ்வாறு என்பதைக் கூறுவோம். லடாக் செல்லும் நண்பர்களிடம் ஒரு தாளைப் பலமுறை கண்டிருக்கிறோம். முதல் நாள் லே நகரம்; இரண்டாம் நாள் கர்துங் லா கணவாய்; மூன்றாம் நாள் பாங்கோங் ஏரி; ஐந்தாம் நாள் வீடு. ரயில்வே அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் நமக்குக் கால அட்டவணையின் மீது மதிப்பு உண்டு. எனினும், அந்த உயரமான நாட்டில் அட்டவணையை வகுப்பவர் நாம் அல்லர். ஒருபுறம் நமது நுரையீரல் வகுக்கிறது. மறுபுறம் அங்கே வாழும் விலங்கும் பறவையும் வகுக்கின்றன. இரண்டுமே நம்மிடம் கேட்பது பொறுமையைத்தான். எத்தனை இடங்கள் என்று எண்ணித் திட்டமிடுபவர் இரண்டையும் இழக்கிறார்.

முதலில் நுரையீரலைப் பற்றி. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 11,500 அடி உயரத்தில் உள்ளது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரை ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உடல் இதற்குப் பழகச் சில நாட்கள் ஆகும். பழகுமுன் ஓடியாடினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். இந்த அளவில் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தானே சரியாகும். பொருட்படுத்தாமல் மேலும் உயரே சென்றாலோ, நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து நேரலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நுரையோடு இருமல், நடை தள்ளாடுதல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். உயரத்திலிருந்து கீழே இறங்கவும் வேண்டும். காளை வயதினர்க்கு இது வராது என்பது வெறும் நம்பிக்கை. வயதும் தேகபலமும் இதற்குக் காப்பு ஆகா.

சென்ற ஜூன் மாதம் நமது சங்கத்தைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் விமானத்தில் லே சென்று இறங்கியபோது நாமும் உடனிருந்தோம். மறுநாள் காலையில் கர்துங் லாவுக்கு வண்டி பேசி முன்பணமும் கட்டியாகிவிட்டது. அந்தக் கணவாயின் உயரம் 17,500 அடிக்கு மேல். இரவில் நண்பர் ஒருவரின் ஒன்பது வயது மகளுக்குக் கடும் தலைவலி, இருமுறை வாந்தி. விடிந்ததும் பெரியவர்களிடையே விவாதம் எழுந்தது. கட்டிய பணம் திரும்பாது, மாத்திரை கொடுத்து மெல்ல அழைத்துச் செல்லலாம் என்றனர் சிலர். குழந்தையின் பாட்டி மட்டும் அசையவில்லை. “வண்டிக்காரருக்குக் கொடுத்த பணம் போகட்டுமப்பா. குழந்தை பசிக்கிறது என்று வாய் திறந்து கேட்கட்டும், அப்புறம் மலையைப் பார்க்கலாம்” என்றார். அரசு மருத்துவமனையில் பரிசோதித்த மருத்துவரும் அதையே வேறு சொற்களில் கூறினார். பணம் போனது உண்மைதான். மூன்று குடும்பங்களும் இரண்டு நாட்கள் விடுதியை விட்டு அதிகம் நகரவில்லை.

அந்த இரண்டு நாட்கள் வீணாயினவா? தங்கியிருந்த விடுதியின் பாதாமி மரத் தோட்டத்தில் கொண்டலாத்தி வந்து தரையைக் கொத்தியது. கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட வால் கொண்ட மாக்பை என்னும் பறவை வேலி மீது அமர்ந்து வம்பு பேசியது. குழந்தை ஜன்னலோரம் படுத்தபடியே பதினொரு வகைப் பறவைகளை நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து வைத்தாள். மூன்றாம் நாள் காலை, தயிர்சாதம் உண்டா என்று கேட்டாள். அதன் பிறகே பயணம் தொடர்ந்தது.

ஆகவே நமது முதல் யோசனை: லே சென்றதும் இரண்டு முழு நாட்கள் ஓய்வு. அதன்பின் இரவு தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்குச் சுமார் 1,600 அடிக்கு மேல் கூட்டாதிருத்தல். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கருவுற்ற தாய்மாரும் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும். உயரத்துக்கென உள்ள மாத்திரைகளையும் அவர் சொன்னாலன்றி உட்கொள்ளலாகாது. மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

இரண்டாவது, வழியைப் பற்றியது. விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் டில்லியிலிருந்து லேவில் இறக்கிவிடும். உடலுக்கு அவகாசம் தராது. சாலை வழி இரண்டு உண்டு. மணாலி வழியில் இரவு தங்கும் சர்ச்சு போன்ற இடங்கள் 14,000 அடி உயரத்தில் இருப்பதால் புதிதாகச் செல்வோர்க்கு அது உகந்ததன்று. ஸ்ரீநகர் வழியோ படிப்படியாக ஏறுவது. ஸ்ரீநகர் சுமார் 5,200 அடி. மறுநாள் இரவு தங்கும் கார்கில் சுமார் 8,800 அடி. அதற்கடுத்த நாள் லே. ரயில்வே ஊழியர் என்ற முறையில் நமக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. 2025 ஜூன் மாதம் செனாப் பாலம் திறக்கப்பட்டபின் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலிலேயே செல்லலாம். ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் அப்பாலத்தைக் கடப்பதே ஓர் அனுபவம். கணவாய்ச் சாலைகள் குளிர்காலத்தில் பனியால் மூடப்படுவதுண்டு. பாதையின் நிலை, ஊர் நிலவரம், அனுமதிச் சீட்டு, கட்டணம் ஆகியவை மாறக்கூடியவை. புறப்படுமுன் விசாரித்து அறிந்துகொள்க. வெளி மாநிலத்து முன்கட்டண அலைபேசி அங்கே இயங்காது என்பதையும் நினைவிற் கொள்ளவும்.

மூன்றாவது, எந்த உயிரினத்தைக் காண விரும்புகிறோம் என்பதை முதலிலேயே தீர்மானித்தல். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் காண இயலாது. பனிச்சிறுத்தையைக் காண ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது அதன் இரையாகிய நீல ஆடுகள் கீழ்ப் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கி வரும். 1981-இல் ஏற்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவும் அதனுள் அமைந்த ரும்பக் கிராமமும் இதற்குப் பேர் பெற்றவை. குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்கும். தொலைநோக்கியருகே நாள் முழுவதும் காத்திருந்து, எதிர்மலையில் நகரும் ஒரு சாம்பல் நிறப் புள்ளியைக் காண்பதுதான் அங்கே கிடைக்கும் காட்சி. சில நாட்கள் அதுவும் கிடைக்காது. பாறையோடு பாறையாக நிற்கும் நமது வரையாட்டைத் தேடிக் கண்ட நீலகிரி அன்பர்களுக்கு இவ்வகைப் பொறுமை புதிதன்று. எனினும் சிறு குழந்தைகளுடன் செல்லும் குடும்பங்களுக்கு இக்குளிர்காலப் பயணத்தை நாம் பரிந்துரையோம்.

குழந்தைகளுக்கு ஏற்றது ஜூன் முதல் செப்டம்பர் வரை, சாங்தாங் என்னும் மேட்டுநிலம். லேயிலிருந்து சிந்து நதியோரமாகச் சென்று, வெந்நீர் ஊற்றுகள் உள்ள சுமாதாங்கில் ஓரிரவு தங்கலாம். மறுநாள் த்சோ மோரிரி ஏரிக்கரையிலுள்ள கோர்சோக் கிராமம். அங்கே இரண்டு இரவுகள். பின்னர் பூகா வழியாக த்சோ கர் ஏரியைக் கண்டு லே திரும்பலாம். ‘த்சோ’ என்றால் ஏரி, ‘லா’ என்றால் கணவாய் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவைத்தால் வழியெல்லாம் பெயர்ப்பலகைகளை அவர்களே விளக்கிவிடுவார்கள். இவ்விரு ஏரிகளும் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சர் நீர்நிலைகள். உயரம் ஏறக்குறைய 15,000 அடி. சமவெளியில் கியாங்குகள் கூட்டமாக மேயும். ஈரநிலங்களில் கருங்கழுத்துக் கொக்குகள் இணையாக நடக்கும். மற்றொரு பறவையை நம்மவர் தவறாமல் காண வேண்டும். தலையில் இரு கருங்கோடுகள் கொண்ட வரித்தலை வாத்து அது. திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வந்து தங்கும் அதே இனம் இந்த ஏரிகளில் கோடையில் குஞ்சு பொரிக்கிறது. வடக்கையும் தெற்கையும் வீடாகக் கொண்டு வாழ்வது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பதைக் குழந்தைகள் அங்கே நேரில் கற்றுக்கொள்வார்கள்.

நான்காவது, அங்கே நாம் நடந்துகொள்ளும் முறை. கருங்கழுத்துக் கொக்கு பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும். புகைப்படம் எடுக்க நெருங்கினால் அது கூட்டை விட்டு விலகும். நாம் எறியும் உணவை உண்டு பெருகும் தெருநாய்கள் அம்முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடும். மர்மோட்டுக்கு ரொட்டித் துண்டு கொடுப்பதும் அன்பு அன்று. அதன் உடல் நலத்துக்குத் தீங்கு. நெகிழிப் புட்டிகளை அங்கே விட்டுவராமல் திரும்பக் கொணர்தல் கடமை.

தங்குவதற்கு இயன்றவரை கிராமத்து வீடுகளையே தேர்ந்தெடுக்குமாறு வேண்டுகிறோம். இதற்கு ஒரு காரணம் உண்டு. இரவில் பட்டிக்குள் குதிக்கும் ஒரு பனிச்சிறுத்தை பல ஆடுகளைக் கொன்றுவிடும். ஓர் ஏழைக் குடும்பத்தின் செல்வம் ஒரே இரவில் அழியும். அதனால் முற்காலத்தில் மக்கள் அதனைப் பகையாகக் கருதிக் கொன்றனர். ரிஞ்சென் வாங்சுக் என்னும் லடாக்கியரும் அவருடைய தோழர்களும் பட்டிகளுக்கு மேலே கம்பிவலை அமைக்க உதவினர். விருந்தினரை வீடுகளில் தங்கவைத்து வருவாய் ஈட்டவும் வழி காட்டினர். அவர் 2011-இல் மறைந்தார். அவர் தொடங்கிய முறை இன்றும் பல கிராமங்களில் தழைத்திருக்கிறது. நாம் ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணம், அந்த வீட்டார் சிறுத்தையைப் பொறுத்துக்கொள்வதற்குக் கிடைக்கும் ஈடு எனலாம். ‘ஜூலே’ என்று முகமன் கூறி நுழைந்தால் அடுப்பங்கரையிலேயே இடம் தருவார்கள். நம்மவர் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை: லேவில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி எளிதில் வேகாது. குக்கர் இல்லாத வீட்டில் அவர்கள் அளிக்கும் துக்பா என்னும் சூடான சூப்பே குளிருக்கு இதமானது.

செலவைப் பற்றிக் கவலைப்படும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுதான். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் வண்டிக் கூலி பகிர்ந்துவிடும். இடங்களைக் குறைத்தால் எரிபொருளும் குறையும். ஆனால் ஓய்வு நாட்களைக் குறைத்து மிச்சம் பிடிக்க முற்படாதீர்கள். ஸ்ரீநகர் வழியே சென்று சாங்தாங் கண்டு விமானத்தில் டில்லி திரும்புவதாயின் பன்னிரண்டு நாட்கள் போதும். விடுப்பு விண்ணப்பத்தில் மட்டும் பதினான்கு என்று எழுதுக. அந்த இரண்டு நாட்கள் உடம்பு சரியில்லாதவருக்காக, அல்லது இன்னும் கண்ணில் படாத கொக்குக்காக.