பேர் பறித்த சட்டம்!

1941 டிசம்பர் 7. பேர்ள் ஹார்பர் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. மறுநாள் ரூஸ்வெல்ட் பேச எழுந்தார். உலக வரலாற்றில் நிற்கும் நாள் என்றுதான் முதலில் எழுதியிருந்தார். பிறகு 'உலக வரலாறு' என்பதை அடித்துவிட்டு, 'இன்ஃபமி' என்று திருத்தினார். அந்தச் சொல்தான் உலகத்தின் காதிலே நிலைத்தது.

அகராதியைப் புரட்டினால் அவப்பெயர், பழி என்று இருக்கும். அவ்வளவுதானா? இல்லை, தோழர்களே! அந்தச் சொல்லின் பிறந்தகம் ரோமாபுரி. இலத்தீனில் 'ஃபாமா' என்றால் பேச்சு. ஊரார் வாயில் உலவும் பேர். 'இன்' என்றால் இல்லை. பேரற்ற நிலையே 'இன்ஃபாமியா'.

ஊரார் தூற்றினால், ஒருநாள் ஓயும். ரோமிலே தூற்றியது சட்டம்! திருடனுக்கும் மோசடிக்காரனுக்கும் அந்த முத்திரை, போகட்டும். மேடையில் நடித்துப் பிழைத்தவனுக்கும் அதே முத்திரை! பிறருக்காக வழக்காடும் உரிமை போயிற்று. ஊர் மன்றத்தில் அமரும் தகுதி போயிற்று.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அரங்கிலே விலங்கோடு போரிடுபவன், கூலிக்கு இறங்கினால் இழிந்தவன். கூலியின்றி வீரம் காட்ட இறங்கினால் இழிவில்லை. சட்ட அறிஞர் உல்பியன் எழுதி வைத்த நியாயம் இது! புலி நகம் இருவரையும் ஒன்றுபோலத்தான் கிழிக்கும். வயிற்றுக்காக இறங்கியவனுக்கு மட்டும் பேர் போயிற்று!

கூலிக்காரனின் கதி இது. மேட்டுக்குடியினர்? கி.மு. 46-இல் லபேரியஸ் என்ற நாடக ஆசிரியர் இருந்தார், வயது அறுபது, உயர்குடியினர். நாடகம் எழுதலாம், நடித்தால் குடிப்பெருமை போய்விடும். சர்வாதிகாரி சீசர், தம் விழாவிலே அவரே நடிக்க வேண்டும் என்றார். மறுக்க முடியுமா? கிழவர் மேடையேறினார்; பெருமை போயிற்று. நாடகம் முடிந்ததும் சீசர் ஐந்து இலட்சம் செஸ்டர்ஸ் காசும், உயர்குடிக்கு அடையாளமான பொன் மோதிரமும் கொடுத்தார். போன பேர் வந்துவிட்டது! பறித்த கையே கொடுத்தது. கூலிக்கு ஆடியவனுக்கு எந்தக் கை மோதிரம் நீட்டியது?

லபேரியஸ் தம் வரிசையில் உட்காரப் போனார். இடநெருக்கடி இல்லாவிட்டால் இடம் தந்திருப்பேன் என்று வழியிலே கேலி செய்தாராம் சிசரோ. சீசர் பக்கம் ஒரு கால், பாம்ப்பி பக்கம் ஒரு கால் என்று காலந்தள்ளியவர் அவர். கிழவர் விடவில்லை, இரண்டு இருக்கைகளில் உட்கார்ந்து பழகிய உமக்கா இடநெருக்கடி என்று கேட்டுவிட்டு நடந்தாராம்.