பகற்கனவும் உளக்களைப்பும்

கண்முன் இல்லாததை உள்ளத்தின்கண் உருவாக்கிக் காணும் ஆற்றல் மனிதனுக்கு வாய்த்த பெரும்பேறாகும். கவிஞன் காவியம் புனைவதும், சிற்பி கல்லினுள் உருவத்தைக் காண்பதும், உழவன் விதைக்கும்போதே விளைவை எண்ணி மகிழ்வதும் அவ்வாற்றலின் பயனே. ஆயின், அதுவே கட்டின்றி ஓடுமிடத்து மனக்கோட்டையாகின்றது. விளக்கின்முன் நூலை விரித்து அமர்ந்த மாணவன் இரண்டு மணி நேரம் கழிந்த பின்னும் அதே பக்கத்தில் இருக்கின்றான். அவன் உள்ளமோ அதற்குள் பரீட்சையில் முதன்மையாகத் தேறி, உயர்பதவி பெற்று, ஊரார் போற்ற உலா வந்து மீண்டுவிட்டது. பாடம் நகரவில்லை; களைப்பு மட்டும் வந்துவிட்டது. ஒன்றும் செய்யாதவனுக்குக் களைப்பு ஏன் எனப் பெற்றோர் வினவுவர். அவனும் தன்னைச் சோம்பேறி என்றே எண்ணி உளம் குன்றுவான். இம்முடிபு பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

பகற்கனவு தன்னளவில் நோயன்று. அமெரிக்க உளவியலறிஞர் ஜெரோம் சிங்கர் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனை இயல்பான உளச்செயலாகவே கொண்டு ஆராய்ந்தார். அவர்தம் ஆராய்ச்சியின் வழி மூவகைப் பகற்கனவுகள் வகுக்கப்பட்டன. ஆக்கந்தரும் இனிய கற்பனை ஒன்று. குற்றவுணர்வும் தோல்வியச்சமும் நிறைந்த கற்பனை மற்றொன்று. எதிலும் நிலைகொள்ளாது கவனம் சிதறுதல் மூன்றாவது. இவற்றுள் முதலாவது புத்தாக்கத்திற்குத் துணையாவது. பின்னிரண்டுமே மாணாக்கரை வருத்துவன.

உள்ளம் அலைதல் எத்துணைப் பொதுவானது என்பதை 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. கில்லிங்ஸ்வொர்த், கில்பேர்ட் என்னும் இருவர் 2,250 பேரிடம் கைத்தொலைபேசி வாயிலாகப் பல்வேறு வேளைகளில் வினாவி விடை பெற்றனர். ஏறத்தாழ 47 சதவீத வேளைகளில் அவர்தம் எண்ணம் செய்தொழிலை விட்டு வேறிடம் சென்றிருந்தது. இனியவற்றை எண்ணியிருந்தோரும் செய்தொழிலில் ஒன்றியிருந்தோரினும் மிகுதியாக மகிழ்ந்திலர் என்பது குறிப்பிடத்தக்கது.

இனி, களைப்பின் காரணம் நோக்குவோம். மூளை உடலின் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமே. எனினும் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதத்தை அது கொள்கின்றது. புறத்தொழில் இல்லாதபோதும் மூளையின் சில பகுதிகள் ஓயாது இயங்குவதை மார்க்கஸ் ரேய்க்கிளும் அவர்தம் குழுவினரும் 2001ஆம் ஆண்டில் விளக்கினர். எனவே, கனவு காண்பது மூளைக்கு ஓய்வாகாது. மேலும், அலைந்த மனம் பாடத்திற்கு மீளும்போதெல்லாம் விட்ட இடத்தைத் தேடவும், அறுந்த பொருட்டொடர்பை இணைக்கவும் வேண்டும். அதனோடு தன்னைத் தானே கடிந்துகொள்ளும் துயரும் சேர்கின்றது. ஆகவே, அம்மாணவன் வேலை செய்யாமல் களைத்தவன் அல்லன். பயனற்ற வேலையால் களைத்தவன். போதிய உறக்கமின்மை இவ்விரண்டையும் பெருக்கும்.

இதற்குப் பரிகாரம் யாது? எண்ணத்தை அடக்கியொடுக்குதலே வழியென்பது பலர் கருத்து. மருந்து குடிக்கும்போது குரங்கை நினையாதே என்று வைத்தியன் சொன்ன கதையை அறியாதார் இலர். அக்கதையின் உண்மையை டானியேல் வெக்னர் 1987ஆம் ஆண்டில் சோதனையாற் காட்டினார். வெண்கரடியை நினையாதிருக்குமாறு பணிக்கப்பட்டோர் அதனைத் தவிர்க்க இயலாதவராயினர். தடை நீங்கியபின், தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டோரினும் மிகுதியாக நினைத்தனர்.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அருச்சுனன், மனத்தை அடக்குதல் காற்றை அடக்குதல் போல் அரிது என முறையிடுகின்றான். கண்ணன் அதனை மறுத்திலன். பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது கைகூடும் என்றே விடையிறுக்கின்றான். பதஞ்சலி யோக சூத்திரமும் இவ்விரண்டையே கூறும். பயிற்சியென்பது மனம் ஓடாதிருத்தலன்று. ஓடியதை அறிந்தவுடன் சினமின்றி மீட்டுக்கொணர்தலாம். நூறு முறை ஓடின் நூறு முறையும் மீட்டல் வேண்டும். அம்மீட்சிகள் தோல்விகளல்ல, அவையே பயிற்சி.

நடைமுறையில் மாணாக்கர் கொள்ளத்தக்கன சில உள. “இன்று படிப்பேன்” என்பதினும் “ஆறு மணிக்கு, இம்மேசையில், இவ்விரு பக்கங்களைப் படிப்பேன்” எனத் துணிதல் நன்று. காலம், இடம், செயல் ஆகியவற்றை முன்னரே வரையறுப்பின் எண்ணம் செயலாதல் எளிதாகும் எனப் பீற்றர் கோல்விற்சர் 1999ஆம் ஆண்டில் விளக்கினார். அரைமணிப் படிப்பின் இடையே சிறிது எழுந்து நடத்தல் வேண்டும். இடையில் தோன்றும் கற்பனையை ஒரு தாளில் ஒரு வரியாகக் குறித்து, பின்னர் எண்ணுதற்கு ஒத்திவைக்கலாம். உறக்கத்தைக் குறைத்துப் படித்தல் ஆகாது.

சிலர் நாளொன்றுக்குப் பல மணி நேரம் கற்பனையுலகில் ஆழ்ந்து கல்வியும் உறவும் கெடுவர். இந்நிலையை எலி சோமர் 2002ஆம் ஆண்டில் தனியே பிரித்துக் காட்டினார். தீராக்களைப்பு இரத்தச்சோகை, தைரொயிட்டுச் சுரப்பிக் குறைபாடு, மனவழுத்தம் ஆகியவற்றாலும் வரலாம். அத்தகையோர் மருத்துவரை நாடுதல் வேண்டும். அதில் நாணத்திற்கு இடமில்லை.

இளமையில் மனக்கோட்டை கட்டாதார் இலர். விளக்கின்முன் அமர்ந்த மாணவனுக்கு வேண்டுவது பழிச்சொல் அன்று. விட்ட வரியை மீண்டும் காட்டும் ஒரு விரலே. அவ்விரல் அவனுடையதாயின் நன்று.