கொப்பி யாரிடம் இருக்கிறது?

மன்னாரில் கூத்துக் கொப்பி, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் வீட்டில் இருக்கும். மாதோட்டப் பாங்கில் ஆடப்பட்ட நாடகங்கள் ஏட்டிலிருந்து கொப்பிக்கும், கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பிக்கும் கையெழுத்தாகவே வந்தவை. அண்ணாவியார் மனம் வைத்துத் தந்தால்தான் அடுத்த ஊருக்குப் பிரதி கிடைக்கும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்றிக் எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய மன்னார் நாடகங்களை அச்சில் கொண்டுவந்தார். கைப்பிரதியாகவே நின்றுவிட்டவை எத்தனையோ.

1990இல், போருக்குள், மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. சனம் மடுவுக்கு ஓடியது, வள்ளமேறித் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போனது. ஒக்ரோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். கட்டிய துணியோடு ஓடுகிறவர் கையில் கொப்பியும் பள்ளிவாசல் பதிவேடும் எங்கே இருக்கும்?

பிறகு இணையம் வந்தது. அந்த நாளில் ஈழத்துத் தளங்கள் பல பாமினி எழுத்துருவில் நின்றன. திரையில் 'தமிழ்' என்று தெரிந்த சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் குழப்பம், தேடினாலும் அகப்படாது. தளத்தைச் செய்து கொடுத்த நிறுவனம் தன் சொந்த முறைமையில் செய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு வரி மாற்றவும் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். அவர்கள் கடையை மூடினால் தளமும் போயிற்று. கொப்பி மறுபடியும் வேறொருவர் வீட்டில்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் தன் தளத்தை வேறு விதமாகக் கட்டியது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வைக்க அது எடுத்துக்கொண்டது மீடியாவிக்கி, விக்கிப்பீடியாவை இயக்கும் அதே திறமூல மென்பொருள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம். அதில் நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாண்டு, பக்கங்கள். யார் எப்போது எதைத் திருத்தினார் என்பது பக்க வரலாற்றில் கிடக்கும். 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் மீடியாவிக்கியின் இடைமுகத்தை ஏற்கெனவே தமிழாக்கி வந்ததால், 'தொகு', 'வரலாறு' என்ற பொத்தான்கள் காசில்லாமல் தமிழிலேயே கிடைத்தன. எந்த வணிக நிறுவனம் எங்கள் மொழிக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கும்? பின்னர் ஒலி, ஒளி, படம், ஏட்டுச்சுவடி என்று சேகரம் விரிந்தபோது, கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஐலண்டோரா என்ற திறமூல மென்பொருளில் நூலகத்தின் 'ஆவணகம்' தளம் எழுந்தது.

திறமூலம் என்றால் செலவே இல்லை என்று சொல்பவரை நம்பக் கூடாது. ஐலண்டோராவின் முந்தைய பதிப்பு டிரூப்பல் 7 என்ற இன்னொரு திறமூல முறைமையின் மேல் கட்டப்பட்டது. டிரூப்பல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5உடன் முடிந்தது. புதிய பதிப்புக்கு மாறுவது ஒரு பொத்தானை அழுத்தும் வேலையில்லை, முழு வீட்டையும் பெயர்த்துக் கொண்டுபோகிற வேலை. அதைத் தெரிந்த ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். இற்றைப்படுத்தாமல் போட்டுவைத்த ஜூம்லா, வேர்ட்பிரஸ் தளங்களுக்குள் யாரும் எளிதில் புகுந்துவிடலாம். காசு கொடுத்து வாங்கும் முறைமையில் இந்தக் கவலையைப் பெரும்பாலும் விற்றவரே சுமப்பார். தலைமன்னாரில் நாலு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துபவர் விக்ஸ் போன்ற சந்தாச் சேவை ஒன்றை எடுத்தால் நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு வேண்டியது படமும் தொலைபேசி இலக்கமும்தான்.

ஆனால் இலங்கை ரூபாய் சரிந்த 2022 மறக்கக் கூடியதல்ல. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரில் மாதச் சந்தா கட்டியவர்களின் செலவு இரண்டே மாதத்தில் ஏறத்தாழ இரட்டித்தது. திறமூலத் தளம் வைத்திருந்தவருக்கும் வழங்கிச் செலவு இருந்ததுதான். ஆனால் அவரால் மலிவான, உள்ளூர் வழங்கிக்குத் தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியும். விக்ஸில் கட்டிய தளத்தை வேறிடத்துக்கு எடுத்துப்போக வழியில்லை; அந்த நிறுவனமே அதைச் சொல்கிறது.

பாலம் 2010இல் திரும்ப எழுந்தது, தலைமன்னாருக்கு ரயில் 2015இல் மீண்டும் வந்தது. இப்போது ஊர்க்கூத்தைக் கைபேசியில் பதிவுசெய்யாத பிள்ளையே இல்லை. அந்தப் பதிவுகளெல்லாம் முகநூலிலும் யூடியூப்பிலும் கிடக்கின்றன, பழைய கொப்பியைப் பிரதி பண்ணும் அக்கறை அவற்றின்மேல் யாருக்கும் இல்லை. எனக்கு நெஞ்சு பதறுவது இங்கேதான். ஒரு கூத்துமன்றமோ சபையோ பங்கோ ஆவணத் தளம் கட்டப்போனால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கட்டித் தருபவரிடம் இதைக் கேட்கட்டும்: உள்ளடக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, வேறொரு கணினியில் எங்கள் கண்முன்னே திறந்து காட்டு. ஆட்களப்பெயரும் மன்றத்தின் பெயரிலேயே பதிவாகட்டும், செய்து கொடுத்த தம்பியின் பெயரில் வேண்டாம்.