கரிசல் ஓட்டு எந்தப் பக்கம்?

கடம்பூர் ஸ்டேஷனில் வண்டி நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் போளி வாங்கிவிட வேண்டும். வண்டி கிளம்பியதும் பெஞ்சில் மிஞ்சுகிறவர்களுக்கு அரசியல்தான் பேச்சு. 2024 ஜூலையில் ஒரு நாள், எண்ணெய்க் கறை படிந்த பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் கேட்டார்: "வெள்ளக்காரன் சீமையில லேபர் கட்சி ஜெயிச்சிருச்சாம். அங்க சனங்க இடதுசாரிப் பக்கம் சாஞ்சிட்டாங்களா அண்ணாச்சி?" பக்கத்தில் இருந்தவர் திருப்பிக் கேட்டார்: "அது கெடக்கட்டும். நம்ம கோவில்பட்டியில அருவா போயி எலை வந்துச்சே, நாம எந்தப் பக்கம் சாஞ்சோம்?"

இரண்டும் ஒரே கேள்விதான். பிரிட்டனில் அந்தத் தேர்தலில் லேபர் வாங்கியது சுமார் 34 சதவீத ஓட்டு; கிடைத்தது 650-இல் 411 இடங்கள். ரிஃபார்ம் கட்சிக்கு 14 சதவீதம் விழுந்தும் ஐந்தே இடங்கள். கூடுதல் ஓட்டு வாங்கியவருக்கே தொகுதி என்ற இந்த முறையை அவர்களிடமிருந்துதான் நாமும் எடுத்துக்கொண்டோம். ஜெயித்த கட்சியின் நிறத்தை மக்களின் மனசுக்குப் பூசிவிடுவது அங்கேயும் தப்பு, இங்கேயும் தப்பு.

கோவில்பட்டிக் கதையைப் பாருங்கள். 1967 முதல் 2001 வரை ஒன்பது சட்டமன்றத் தேர்தல்கள். ஏழில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி வென்றது. அதில் ஐந்து முறை சோ. அழகர்சாமி. தோற்ற இரண்டு தேர்தல்கள் 1984-உம் 1991-உம். இந்திரா, ராஜீவ் படுகொலைகளை அடுத்து அனுதாப அலை அடித்த ஆண்டுகள் அவை.

கூட்டணியோ வென்ற ஒவ்வொரு முறையும் மாறியது. 1967-இல் திமுக அணிக்கு வெளியே நின்ற கட்சிக்குத் தமிழகம் முழுக்கக் கிடைத்தது இரண்டே இடம். அதில் ஒன்று கோவில்பட்டி. 1971-இல் திமுகவோடு, 1977-இல் காங்கிரஸோடு, 1980-இல் எம்.ஜி.ஆரோடு, 1989-இல் ஜெயலலிதா அணியோடு, 1996-இல் மறுபடி திமுகவோடு, 2001-இல் அதிமுகவோடு. கூட வந்தவர்கள் யாராக இருந்தாலும் பஞ்சாலைத் தொழிலாளியும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களும் மானாவாரி விவசாயியும் கதிர் அரிவாளைத் தேடிக் குத்தினார்கள். நம் ஆள், நமக்காக நிற்பவர் என்ற நம்பிக்கையே அவர்களின் சாய்வு.

அப்புறம் என்ன ஆனது? 2006-இல் அதிமுக ஜெயித்தது. 2011-இல் அதே கம்யூனிஸ்ட் கட்சி அதிமுக கூட்டணியில் இருந்தது. தொகுதி அதிமுகவுக்குப் போனது. அருவாளுக்குப் பழகிய கையை இலையில் வைக்கச் சொன்னது தோழர்கள்தான். கடம்பூர் செ. ராஜு வென்றார். 2016-இல் தோழர்கள் சேர்ந்திருந்த மக்கள் நலக் கூட்டணி தொகுதியை மதிமுகவுக்குக் கொடுத்தது. அந்த முறை ராஜு 428 ஓட்டில் கரையேறினார். 2021-இல் அவருக்கு 68,556, டி.டி.வி. தினகரனுக்கு 56,153. திமுக அணியில் நின்ற மார்க்சிஸ்ட் மூன்றாம் இடம். மூன்று பக்கமும் சிதறிய ஊரை எந்தக் கட்சிக்கோட்டை என்று எழுதுவது?

பக்கத்து விளாத்திகுளம் இன்னும் தெளிவான பாடம். 2019 ஏப்ரல் 18 அன்று ஒரே பூத்தில் இரண்டு மெஷின். நாடாளுமன்றத்துக்கு, விளாத்திகுளமும் அடங்கிய தூத்துக்குடித் தொகுதி திமுகவின் கனிமொழியை 3,47,209 ஓட்டு வித்தியாசத்தில் அனுப்பியது. சட்டமன்ற இடைத்தேர்தலிலோ விளாத்திகுளத்தில் அதிமுக 28,554 ஓட்டில் திமுகவை வென்றது. டெல்லிக்கு யார், கோட்டைக்கு யார் என்று இந்தச் சனம் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கிறது. படிக்காத சனம் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும்.

முன்னால் வைத்த சின்னங்களில் எதைத் தொட்டார்கள் என்பதை மட்டுமே முடிவு சொல்லும். வைக்காத சின்னத்தைப் பற்றி அது வாய் திறக்காது. 2011-இலும் 2016-இலும் கோவில்பட்டி மெஷினில் கதிர் அரிவாள் இல்லை. கரிசல்காரன் மாறிவிட்டானா என்று கேட்பதற்கு முன், அதை எடுத்தது யார் என்று கேட்போம்.