பதுங்குகுழிப் போர்முறையும் காலாட்படை ஆயுதங்களின் மாற்றமும் (1914 – 1918)

முதலாம் உலக யுத்தம் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது மாணவர் பலர் ஆயுதங்களின் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். “ஏன்?”, “எவ்வாறு?” என வினவப்படும் இடத்தில் பெயர்ப்பட்டியல் போதாது. ஓர் ஆயுதம் எந்தப் போர்ச்சூழலில் பயனற்றுப் போனது, அதற்குப் பதிலாக எது வந்தது என்பதைத் தொடர்புபடுத்திக் காட்டுவதே சிறந்த விடையாகும்.

1. ஆரம்ப நிலை

1914 இல் ஐரோப்பியப் படைகள் திறந்த வெளியில் நகர்ந்து போரிடுவதற்கே தயாராக இருந்தன. காலாட்படை வீரனின் பிரதான ஆயுதம் நீண்ட துப்பாக்கியாகும். ஜேர்மனியரின் மௌசர் துப்பாக்கி ஏறத்தாழ 1.25 மீற்றர் நீளமானது. அதன் குறிபார்க்கும் கருவியின் மிகக் குறைந்த அளவே 400 மீற்றராகும். தூரத்தில் நிற்கும் எதிரியைச் சுடுவதற்கே அது அமைக்கப்பட்டிருந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

2. மாறிய சூழல்

1914 செப்டெம்பரில் மார்ன் சமரில் ஜேர்மனியரின் முன்னேற்றம் தடுக்கப்பட்டது. அதன்பின் இரு தரப்பினரும் நிலத்தைத் தோண்டிப் பதுங்கினர். வட கடலிலிருந்து சுவிற்சர்லாந்து எல்லை வரை ஏறத்தாழ 700 கிலோமீற்றர் நீளத்துக்குப் பதுங்குகுழிகள் அமைந்தன. இடையில் இருந்த சூனியப் பிரதேசம் சில இடங்களில் 50 மீற்றருக்கும் குறைவானது. முட்கம்பி வேலியும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 ரவைகளைச் சுடும் இயந்திரத் துப்பாக்கியும் அதனைக் காத்தன.

இச்சூழலில் பழைய முறையில் முன்னேறியதன் விலை மிகப் பெரிது. 1916 யூலை 1 ஆம் திகதி, சொம் சமரின் முதல் நாளில் மட்டும் பிரித்தானியப் படையில் 57,470 பேர் இழப்புக்குள்ளாகினர். அவர்களுள் 19,240 பேர் உயிரிழந்தனர்.

3. ஏற்பட்ட மாற்றங்கள்

(அ) கைக்குண்டு: குழிக்குள் பதுங்கியவனை நேராகச் செல்லும் ரவை தாக்காது. மேலிருந்து விழும் குண்டே தாக்கும். ஆரம்பத்தில் கைக்குண்டுகள் போதாமையால் பிரித்தானிய வீரர்கள் வெற்று ஜாம் தகரங்களில் வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் நிரப்பி எறிந்தனர். 1915 இல் மில்ஸ் கைக்குண்டு அறிமுகமானது.

(ஆ) ஸ்டோக்ஸ் மோட்டார்: இதுவும் 1915 இல் வடிவமைக்கப்பட்டது. குண்டை உயரே செலுத்தி எதிரியின் குழிக்குள் விழச்செய்தது. வீரர்கள் தூக்கிச் செல்லக்கூடியதாகவும் இருந்தது.

(இ) இலேசான இயந்திரத் துப்பாக்கி: விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி அதன் முக்காலி, குளிரூட்டும் நீர் என்பவற்றுடன் 40 கிலோகிராம் வரை நிறையுடையது. ஓரிடத்தில் இருந்து காக்க உதவுமேயன்றி, முன்னேறுவோருடன் செல்ல உதவாது. ஏறத்தாழ 13 கிலோகிராம் நிறையுடைய லூயிஸ் துப்பாக்கி இக்குறையை நீக்கியது.

(ஈ) உப இயந்திரத் துப்பாக்கி: குழிகளின் வளைவுகளில் எதிரி சில மீற்றர் தூரத்திலேயே எதிர்ப்படுவான். அங்கே நீண்ட துப்பாக்கியைத் திருப்புவதே கடினம். எனவே 1918 இல் ஜேர்மனியர் எம்.பி. 18 எனும் குறுகிய ஆயுதத்தைப் பயன்படுத்தினர். அது கைத்துப்பாக்கி ரவைகளைத் தொடர்ச்சியாகச் சுட்டது. தூரத்தை விட்டுக்கொடுத்து வேகத்தைப் பெற்றனர் எனலாம்.

(உ) ரவையில் மாற்றம்: 1916 செப்டெம்பர் 15 இல் பிரித்தானியர் முதன்முதலாக யுத்த தாங்கிகளைப் பயன்படுத்தினர். இவற்றைத் துளைக்க ஜேர்மனியர் உருக்கு உள்ளீடு கொண்ட ரவையைப் பயன்படுத்தினர். 1917 இல் வந்த புதிய தாங்கிகளின் தகடு தடிப்பாக்கப்பட்டதும் அந்த ரவை பயனிழந்தது. 1918 இல் 13.2 மில்லிமீற்றர் ரவையைச் சுடும் பெரிய துப்பாக்கியை ஜேர்மனியர் கொண்டுவந்தனர்.

4. படை அமைப்பில் மாற்றம்

ஆயுதம் மாறினால் மட்டும் போதாது. அதனைப் பயன்படுத்தும் முறையும் மாறவேண்டும். 1917 இல் பிரித்தானியப் படையின் சிறிய பிரிவு ஒவ்வொன்றும் துப்பாக்கி வீரர், கைக்குண்டு எறிவோர், துப்பாக்கிக் குண்டு செலுத்துவோர், லூயிஸ் துப்பாக்கி வீரர் என நான்காக வகுக்கப்பட்டது. வரிசையாக நடந்து செல்லும் முறை கைவிடப்பட்டு, ஒரு குழு சுட மறு குழு முன்னேறும் முறை வளர்ந்தது.

5. மாணவர் கவனத்திற்கு

புதிய ஆயுதங்களே யுத்தத்தை முடித்தன என எழுதவேண்டாம். எம்.பி. 18 ஐ வைத்திருந்த ஜேர்மனியே தோல்வியடைந்தது. பிரித்தானியாவின் கடல் முற்றுகை, 1917 ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் இணைந்தமை, ஜேர்மனியின் வளப் பற்றாக்குறை என்பனவும் காரணங்களாகும். ஒரு தரப்பின் புதிய ஆயுதத்துக்கு மறு தரப்பு விரைவில் மாற்றுக் கண்டது. இடைப்பட்ட காலத்துக்கான விலையைச் சாதாரண வீரர்கள் தம் உயிரால் செலுத்தினர் என்பதையும் மனதில் இருத்துக.

பயிற்சி வினா

பதுங்குகுழிப் போர்முறை காலாட்படை ஆயுதங்களில் ஏற்படுத்திய மாற்றங்கள் மூன்றினை உதாரணத்துடன் விளக்குக.

விடை எழுதும் ஒழுங்கு: சூழல் – பழைய ஆயுதத்தின் குறைபாடு – புதிய ஆயுதம் – அதன் விளைவு. ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த நான்கு படிகளிலும் எழுதிப் பழகுக.