லேப்டாப்பில் கூடுதலாக இரண்டு மானிட்டர்கள்

திருவண்ணாமலை ரமணாசிரமம் அருகே வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். ஒரு மானிட்டரில் புரோகிராம், இன்னொன்றில் ரிசல்ட், லேப்டாப் திரையில் மெயில் என்று வைத்துக்கொள்ள ஆசை. இரண்டு எச்டிஎம்ஐ போர்ட் உள்ள யுஎஸ்பி அடாப்டர் வாங்கினேன். இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்! மாற்றி வரலாம் என்றால் அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் செங்கம் சாலையில் வண்டி எடுக்க முடியுமா?

விஷயம் இதுதான். அந்த அடாப்டர் லேப்டாப் தரும் ஒரே சிக்னலை இரண்டாகப் பிரித்துத் தருகிறது, அவ்வளவே. தனித்தனிப் படம் வேண்டுமானால் அதைத் தயாரிக்க வேறொரு சிப் வேண்டும்.

2003-ல் அறிமுகமான எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் உள்ள பழைய லேப்டாப்களில், கேபிள் மூலம் டெஸ்க்டாப் கிராஃபிக்ஸ் கார்டையே வெளியே இணைப்பார்கள். கார்டுக்குச் சொந்த மெமரி இருப்பதால் மானிட்டருக்குப் படத்தை அதுவே அனுப்பிவிடும். இன்று அந்த வேலையைத் தண்டர்போல்ட் போர்ட் செய்கிறது. ஆனால் வெளிப் பெட்டி, கார்டு இரண்டையும் வாங்கப் பணம் நிறைய வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர். 1920 x 1080 படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப சுமார் 3 கிகாபிட் தேவை. யுஎஸ்பி 2.0 தருவதோ 0.48 கிகாபிட். யுஎஸ்பி 3.0 என்றால் 5 கிகாபிட். இரண்டு மானிட்டர் என்றால் அதுவும் போதாது என்பதால், டிரைவர் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. சுருக்கும் வேலை பிராசஸர் தலையில் விழுவதால் வேகமான கேம்களுக்கு இது ஆகாது. புரோகிராம் எழுதத் தாராளம்.

வாங்கும் முன் பெட்டியில் டிஸ்ப்ளேலிங்க் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து நான் ஏமாந்தேன்.